தனியாக எழாத விரல்

புருசன் சென்னியப்பன் செத்துப் பதினேழாம் நாள் காலையில், கருமாதிக்கு வந்த சொந்தமெல்லாம் பஸ் ஏறிப் போன பிறகு, மைனாவதி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். வலது கை துடைத்தது, இடது கை துடைக்கவில்லை, அது தன்பாட்டுக்கு மேலே எழுந்து அவள் முகத்துக்கு நேராக நின்று, ஆள்காட்டி விரலை ஒரு சுற்றுச் சுற்றி, 'உன் பேர் என்ன?' என்று அவளையே கேட்டது.

"மைனாவதி" என்று வாயால் சொன்னாள். சொன்ன பிறகுதான், காது கேட்காதவருக்கு வாயால் சொல்லி என்ன பிரயோசனம் என்று தோன்றி, வலது கையால் ஒரு தடவை சொன்னாள். இடது கை சிரித்தது. அஞ்சு விரலும் கொத்தாகக் குலுங்கினால் அது அவன் சிரிப்பு.

அந்தத் தெருவில் விரல் பேசுவது ஓர் அதிசயமே இல்லை. பள்ளிபாளையத்தைத் தாண்டி ஆற்றுப் பக்கம் திரும்புகிற கொளத்தாங்கரைத் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறிப் பட்டறை, பட்டறைக்குப் பட்டறை டக்கட டக்கட என்று ஓயாத சத்தம், உள்ளே நின்று கத்தினால் கத்தினவருக்கே காதில் விழாது. அதனால் அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் நூல் வேணும், ஊடைநூல் சுத்தின தார் தீர்ந்துபோச்சு, டீ வந்துருச்சு, ஓனர் வர்றார் பேச்சை நிறுத்து என்று எல்லாவற்றையும் விரலால்தான் சொல்லிக்கொள்வார்கள். பிறவியிலேயே காது கேட்காத சென்னியப்பன் பதினெட்டு வயதில் அந்தப் பட்டறைக்குள் நுழைந்தபோது, உலகத்தில் முதல்முதலாக எல்லாரும் தன்னைப் போலவே இருப்பதைப் பார்த்தான். அதுவரைக்கும் பத்து இருபது சைகைதான் இருந்தது அங்கே. அவன் வந்த பிறகுதான் அது கதை சொல்லவும் கேலி பண்ணவும் சண்டை போடவும் போதுமான பாஷையாக வளர்ந்தது.

ஆளுக்கு ஒரு விரலாகப் பேர் வைத்ததும் அவன்தான். கட்டைவிரலை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் ஓனர் அர்த்தநாரி. கையெழுத்துப் போடத் தெரிந்தும் எல்லாக் காகிதத்திலும் ரேகை உருட்டுகிற மனுசர். ஆள்காட்டி விரலை மூக்குக்கு முன்னால் ஆட்டினால் எதிர்வீட்டுக் கந்தாயி அக்கா. ஆரிடம் என்ன குத்தம் என்று பார்ப்பதே அவளுக்கு வேலை. பாம்பு விரல், அதாவது நடுவிரல், அவனைப் பெற்ற செல்லாயி; தெருவிலேயே நெட்டையான பொம்பளை அவள்தான். சுண்டுவிரல் மகள் தர்ஷிகா. மோதிர விரல் பெண்டாட்டி மைனாவதி.

"மோதிரமே வாங்கித் தரக் காணோம், இதுல மோதிர விரலாமா?" என்று கல்யாணமான புதிதில் அவள் விரலாலேயே குத்திக் காட்டினாள். அவன் அவளுடைய கையைப் பிடித்துத் தறிப் பலகைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி வைத்து, மற்றதை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னான். கட்டைவிரல் எழுந்தது, ஆள்காட்டி விரல் எழுந்தது, பூஞ்சையாகக் கிடந்த சுண்டுவிரல்கூட எழுந்தது. மோதிர விரல் மட்டும் ஆணி அடித்தாற்போலக் கிடந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தாள், அசையவில்லை. 'பக்கத்தில் ஆளில்லாமல் இதுக்கு எந்திரிக்கத் தெரியாது, உன்னை மாதிரியே' என்றான். அது நிசம்தான், ரேசன் கடைக்குப் போகவும் அவளுக்கு ஆள் துணை வேண்டும், ரோட்டைத் தாண்டவும் துணை வேண்டும். ஆகவே அவள் பேரை அவன் சொல்கிற விதம் இப்படி: இடது கையில் நடுவிரலை மடக்கி, படுத்துக்கிடக்கிற மோதிர விரலை வலது கை ஆள்காட்டி விரலால் கீழிருந்து தூக்கிவிடுவான். அவன் இடக்கைக்காரன், பேச்சு முழுக்க இடது கையில்தான், வலது கை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அவளைக் கூப்பிட மட்டும் அவனுக்கு ரெண்டு கையும் வேண்டும்.

அவன் செத்த காலையில் நடந்தது ஒரு சின்னச் சண்டை. தர்ஷிகாவும் இடக்கை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் போகப் போகிற பிள்ளை பீச்சாங்கையால் சோறு அள்ளித் தின்றால் நாலு பேர் சிரிப்பார்களே என்று, தறியில் வெட்டிப் போட்ட கரைத்துணியைக் கிழித்து அதன் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டி, "சோத்துக் கையால தின்னு கண்ணு" என்று தட்டை வைத்தாள் மைனாவதி. அவளுடைய அம்மா அவள் தம்பிக்குச் செய்ததுதான், எல்லா வீட்டிலும் செய்வதுதான். குளித்துவிட்டு வந்த சென்னியப்பன் பார்த்தான். முதலில் கட்டை அவிழ்த்தான். அப்புறம் சொல்ல ஆரம்பித்தான், 'இது என் வாய், என் பிள்ளை வாயைக் கட்டுவாயா' என்று விரல்கள் பறக்கப் பறக்க. அவளும் விடவில்லை, பந்தியில் உட்கார வைத்தால் மானம் போகும், நாளைக்குக் கட்டிக்கொடுக்கிற இடத்தில் என்ன சொல்வார்கள் என்று பதிலுக்குக் கேட்டாள். அவன் மேலும் மேலும் பேசவும், அவள் அந்த வீட்டில் மட்டுமே செல்லுபடியாகிற ஒரு காரியத்தைச் செய்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அவன் தோளை ஒரு தடவை தொட்டான். திறக்கவில்லை. முகத்துக்கு முன்னால் அவன் விரல்கள் அசைகிற காற்று வந்து கன்னத்தில் பட்டது, கொஞ்ச நேரம் பட்டது, பிறகு நின்றது. மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டபோதுதான் கண்ணைத் திறந்தாள். கால் மணி நேரத்தில் சங்ககிரி ரோட்டில் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். தறிச் சத்தத்தையும் மீறி அந்த ஹாரன் கொளத்தாங்கரைத் தெரு முழுக்கக் கேட்டது. கேட்க வேண்டிய ஒருத்தனைத் தவிர எல்லாருக்கும் கேட்டது.

கண்ணை மூடியிருந்த நேரத்தில் அவன் என்ன சொன்னான்? பதினாறு நாளும் அவள் அழுததெல்லாம் அந்த ஒரே கேள்விக்காகத்தான். இப்போது அவன் கை அவளிடமே வந்து சேர்ந்துவிட்டது. முதல் வேலையாக அதைத்தான் கேட்டாள். கை 'ஊரு எது? தார் சுத்தவா வந்தே?' என்று அதுபாட்டுக்கு வேறு எதையோ கேட்டது.

விசயம் தெரிந்து முதலில் வந்தது கந்தாயி அக்காதான்.

"ஏம்புள்ள மைனா, உன்ற கை பேசுதாமா?"

"ஆமாங்க்கா."

"சென்னியப்பன் கையா?"

"அவருதுதானுங்க்கா. இடக்கை பாருங்க."

கந்தாயி கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "சரி. தீபாவளிக்கு என்ற வெங்கலப் போசியை வாங்கிட்டுப் போனானே, எங்க வெச்சான்னு கேளு."

அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆறாம் நம்பர் தறி அவன் ஓட்டின தறி. ஓனர் அர்த்தநாரி மைனாவதியை வரச் சொல்லி அதன்முன் நிறுத்தினார். "ஆள் போயிட்டான், சரி. கை வேலைக்கு வருதுன்னா வேண்டாங்கறதுக்கு நான் ஆரு?" என்றார். அறுந்த இழையை நாக்கில் ஈரம் பண்ணி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டு விலகுவதற்குள் முடிந்துவிடுகிற அவனுடைய முடிச்சை, அந்தக் கை அவனைப் போலவே போட்டது. குறுக்கே ஓடுகிற நாடா எகிறி விழுகிறதே, என்ன காரணம் என்று ஓனர் கேட்டார், கை 'எண்ணெய் விடு' என்றது, விட்டார்கள், சரியாகிவிட்டது. அதிலிருந்து தெருவே வந்து கேட்க ஆரம்பித்தது. மகளுக்கு வந்த பவானி வரனைப் பற்றிக் கந்தாயி கேட்டபோது, கை 'உப்பு பத்தலை' என்றது. "உப்புப் பத்தாத ஊட்டுக்கு எம்புள்ளை போக வேண்டாம்" என்று அந்த இடத்தைத் தட்டிவிட்டாள். சங்கத்துக் கூட்டத்தில் கூலி உயர்வுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். மைனாவதியின் வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று என்று ரெண்டாக எழுதிக்கொண்டார்கள்.

கருமாதி அன்றைக்கு உடைத்த வளையலைப் பற்றி மட்டும் பொம்பளைகளுக்குள் ஒரு வாரம் வழக்கு நடந்தது. புருசன் உயிரோடு இருக்கிற கை, அதுக்கு மட்டும் வளையல் போடலாம் என்றாள் ஒருத்தி. "ஆம்பளைக் கைக்கு எதுக்குடி வளையலு? வேணும்னா காப்புப் போடுங்க" என்றாள் கந்தாயி. மைனாவதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்த கையோடு உள்ளே போய் அழுதாள்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஊசி, சுத்தியல் எல்லாம் வைத்துப் பார்த்தது. "விரலுக்குள்ள இழுக்கிற சதைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதும்மா" என்று அவள் முழங்கைக்குக் கீழே தொட்டுக் காட்டியது. "இங்க இருக்கிற சதைதான் கயிறு மாதிரி நீளமாப் போய் ஒவ்வொரு விரலையும் இழுக்குது. விரல் வெறும் எலும்பும் கயிறுந்தான். எப்பவுமே தூரத்திலிருந்துதான் இழுக்கணும்."

"எவ்வளவு தூரத்திலிருந்துங்க?" என்று கேட்டாள் மைனாவதி. அந்தம்மா சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தது.

வெள்ளிக்கிழமை தோறும் செல்லாயி பெரிய மகன் வீட்டிலிருந்து நடந்து வருவாள். வந்து மருமகளுடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு விரலாக எண்ணெய் தடவி, கணுக் கணுவாக நீவி, நகத்தில் அழுக்கு எடுத்துவிடுவாள். மகனுடைய பாஷை அவளுக்குத் தெரியாது. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, திங்கறது, தூங்கறது, வா, இந்த மூன்றுதான் அவர்களுக்குள் இருந்தது. ஆனி மாதம் ஒரு வெள்ளியன்று கை அவள் மடியிலிருந்து எழுந்து, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், திங்கறது என்றது. அது மைனாவதியைப் பார்த்து என்றைக்கோ அவன் சொன்னதுதான். ஆனாலும் செல்லாயி, "தின்னுட்டேன் சாமி, தின்னுட்டுத்தான் வந்தேன்" என்று அந்தக் கையிடம் மூன்று முறை சொன்னாள்.

கை யாருக்கும் பதில் சொல்லவில்லை என்று மைனாவதிக்குத் தெரிந்தது ஆடி மாதத்தில். ஒரு நாள் காலை அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, 'வாந்தியா? மாங்காய் வேணுமா?' என்று கேட்டது. அது தர்ஷிகா வயிற்றில் இருந்தபோது அவன் கேட்டது. அதற்கு முந்தின வாரம் கை சொன்னது பவானி கூடுதுறைக்குப் போன கதை. அதற்கு முன்னால் தாலி கட்டின மறுநாள் 'காப்பித் தண்ணி ஆறிப்போச்சு'. எல்லாத்துக்கும் முன்னால் 'உன் பேர் என்ன?', அவள் தார் சுற்றப் பட்டறைக்குள் வந்த முதல் நாள் அவன் கேட்டது. எண்ணெய் விடச் சொன்னது எந்தத் தறிக்கோ, உப்புப் பத்தாமல் போனது எந்த ஆடிப்பெருக்குச் சோற்றுக்கோ. அவன் அவள் கண் முன்னால் பேசின பேச்சையெல்லாம் முதலிலிருந்து வரிசையாகக் கை சொல்லிக்கொண்டு வருகிறது. ஒரு தடவை சொன்னதை மறுதடவை சொல்வதில்லை. இப்படியே வந்தால் ஒரு நாள் அந்த மாசி மாதக் காலைக்கு வந்து சேரும், சேர்ந்தால் அவள் கேட்கக் காத்திருப்பதைச் சொல்லும், சொல்லிவிட்டால் அதோடு தீர்ந்தது.

அதற்குப் பிறகு கையிடம் கேள்வி கேட்க வந்த யாரையும் அவள் கிட்டே விடவில்லை. ஆவணியில் கை சுண்டுவிரலை நீட்டி, குலுக்கி, மகளுக்குப் பேர் வைத்தது. பல் முளைத்த கதையைச் சொன்னது. நடை பழகிய கதையைச் சொன்னது. கடைசியில் ஒரு கரைத்துணியைக் கிழித்து, அஞ்சு விரலையும் ஒன்றாகச் சேர்த்து, மணிக்கட்டுவரை இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டாள். பேசினால்தானே தீரும்? பேசாமல் கூடவே இருக்கட்டும். ரெண்டு நாள் துணிக்குள் விரல்கள் தண்ணீர் வற்றின குட்டையில் மீன் துள்ளுவதுபோலத் துள்ளின. மூன்றாம் நாள் துள்ளுவது குறைந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த தர்ஷிகா பையை மூலையில் எறிந்துவிட்டு, அம்மாவின் மடியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்தாள்.

"என்ன கண்ணு பண்றே? உடு."

"அப்பாதான் கட்டக் கூடாதுன்னு சொன்னாருல்ல?" என்றாள் பிள்ளை, பல்லை எடுக்காமல்.

மைனாவதி அதற்குமேல் தடுக்கவில்லை. அவிழ்த்த விரல்கள் வெளுத்துப்போய், துணியின் இழையெல்லாம் தோலில் பதிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டாள். அவன் வாயைத் தான் கட்டுவது இது ரெண்டாம் தடவை என்று நினைத்தாள்.

புரட்டாசி மாதம் ஒரு காலையில் அந்தக் காலை வந்தது. முந்தின நாளே கை, 'நாளைக்குப் பிள்ளைக்குப் பயறு கடை' என்று சொல்லியிருந்ததால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. விடியத் தலைக்குக் குளித்தாள். அன்றைக்குக் கட்டியிருந்த அதே ஊதாச் சேலையைக் கட்டினாள். பச்சைப் பயறு கடைந்தாள். தர்ஷிகாவை உட்கார வைத்துத் தட்டைப் போட்டாள். பிள்ளை இடது கையால் அள்ளித் தின்றது. அப்போது கை எழுந்தது. 'இது என் வாய்' என்றது. 'என் பிள்ளை வாயைக் கட்டுவாயா?' என்றது. ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் சொன்னது. அவள் இமைக்கவில்லை, கண்ணில் தண்ணீர் தேங்கி விரல்கள் கலங்கித் தெரிந்தபோதும் இமைக்கவில்லை. கை பாதி வார்த்தையில் நின்றது. விரல்கள் காற்றில் அப்படியே நின்றன. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"சொல்லுங்க" என்றாள். "இப்பத் திறந்துதானே இருக்கேன், சொல்லுங்க."

கை நின்றது நின்றபடி இருந்தது. நான் பார்த்தது மட்டும்தான் இந்தக் கைக்குத் தெரியும் போல இருக்கு, பார்க்காதது எப்படி வரும் என்று நினைத்ததும் அவள் கேவினாள்.

"அம்மா" என்றாள் தர்ஷிகா, வாய் நிறையச் சோற்றோடு. "நீ மூடவேயில்லை. அன்னிக்கு நீ கண்ணை மூடிக்கிட்டே. அப்புறந்தான் அப்பா சொன்னாரு."

மைனாவதி பிள்ளையைப் பார்த்தாள். அன்றைக்கும் அது அங்கேதான் உட்கார்ந்திருந்தது, அதே இடத்தில், அதே தட்டோடு. "என்ன சொன்னாரு கண்ணு?" என்று கேட்டாள்.

"மறந்துபோச்சு. கையைச் சொல்லச் சொல்லு, நான் பார்த்துச் சொல்றேன்."

மைனாவதி கண்ணை மூடினாள். எதிர்ப் பட்டறையில் தறி டக்கட டக்கட என்றது. அப்புறம் கன்னத்தில் காற்றுப் பட்டது. அதே காற்று.

"உன்ற பேர்" என்றாள் தர்ஷிகா. "நடுவிரலை மடக்கிட்டுச் சும்மா நிக்குது. தூக்கிவிடும்மா."

மைனாவதி இருட்டிலேயே வலது கையைக் கொண்டுபோய், ஆள்காட்டி விரலைக் கொடுத்து, மோதிர விரலைத் தூக்கிவிட்டாள். தன்னைக் கூப்பிடத் தானே ஒத்தாசை செய்தாள்.

"கண்ணைத் திற-ங்குது" என்றாள் பிள்ளை. "திறந்துடாதம்மா, சும்மா சொல்லுது. கண்ணைத் திற. கண்ணைத் திற. மறுபடியும் அதேதான்... கண்ணைத் திற."

"அப்புறம்?"

"எனக்கும் சின்னதுல கையைக் கட்டிப்போட்டாங்க-ங்குது."

"ஆரு? ஆரு கட்டிப்போட்டாங்களாம்?"

"இரும்மா. நின்னிருச்சு." தர்ஷிகா சோறு ஒட்டின இடது கையை நக்கிக்கொண்டே பார்த்திருந்தாள். "இப்பப் பேசுது. சரி-ங்குது. சாயங்காலம் வந்து சொல்றேன்-ங்குது."

கன்னத்தில் பட்ட காற்று நின்றது. கை மெல்ல இறங்கி அவள் மடியில் விழுந்தது. அதன் கனம் வந்து தொடையில் உட்கார்ந்தபோது, அது தன்னுடைய கைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு அவள் ஆறாம் நம்பர் தறிக்குப் போகவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, இடது கையை மடியில் மல்லாத்தி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கந்தாயி சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழவில்லை. என்ன நடந்தது என்று தர்ஷிகா கந்தாயியிடம் சொன்னாள், கந்தாயி பட்டறையில் விரலால் சொன்னாள், சத்தத்தின் நடுவே விரல் விரலாக மாறி மத்தியானத்துக்குள் தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் செல்லாயி நடந்து வந்து மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கும் கையைக் கட்டிப்போட்டாங்க என்று அவன் சொன்னதைக் கேட்டதும் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

வெயில் சாய்ந்தது. கந்தாயி கொடியில் காய்ந்த துணியை எடுத்தாள், வாசல் தெளித்தாள், மாடத்தில் விளக்கு வைத்தாள். ஆற்றுப் பக்கத்து மரத்தில் காக்கை அடைந்தது. தர்ஷிகா வந்து அம்மாவின் கையை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா சொல்லிட்டாராம்மா?"

"இல்லை கண்ணு."

"சாயங்காலம் ஆயிருச்சேம்மா. அக்கா வெளக்கு வெச்சிருச்சு."

"இன்னும் ஆகலை கண்ணு" என்றாள் மைனாவதி, கையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் சாயங்காலம் ஆகலை."

எதிர்வாசலில் நின்றிருந்த கந்தாயிக்கு அது கேட்டது. அவள் போய் விளக்கை ஊதி அணைத்தாள். மடித்து வைத்த துணியை எடுத்துவந்து உதறி, ஒவ்வொன்றாக மறுபடியும் கொடியில் காயப் போட்டாள். பக்கத்து வீட்டில் அதைப் பார்த்து, கட்டுத்தறிக்கு வந்த ஆட்டை மறுபடியும் மேய அவிழ்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நேரமான பிள்ளைகளை மறுபடியும் பையை மாட்டித் தெருமுக்கில் நிற்க வைத்தார்கள். ஆறு மணிக்கு ஊதுகிற சங்கை ஓனர் அர்த்தநாரி ஊதவில்லை. பகல் ஷிப்ட்டுக்காரர்கள் யாரும் தறியை விட்டு இறங்கவில்லை. ராத்திரி ஷிப்ட்டுக்கு வந்தவர்கள் சோற்றுப் போசியோடு தெருவிலேயே நின்றார்கள். யாரும் யாருக்கும் எதையும் வாயால் சொல்லவில்லை. விரல்கள் மட்டும் வாசலுக்கு வாசல் சொல்லிக்கொண்டு போயின, இன்னும் ஆகலை, இன்னும் ஆகலை என்று.